வாய்ப்புற்றுக்கு விரலில் ஏன் ஊசி?

சந்தா விஷயமாக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். லயத்து வாசலில் ஒரு பெரியவர் கோபத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்று. நாற்பது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் அடக்கிய அதே பக்கம். அறுவைக்கு நாள் குறித்த பிறகு, இனிப்பு நீர் அதிகம் என்று தள்ளி வைத்து விட்டார்களாம்.

"புத்துக்குப் போனா சக்கரையப் பாக்குறானுங்க. நாளக் கடத்துறானுங்க, தம்பி" என்றார்.

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டதை எழுதுகிறோம்.

இந்த நாட்டில் வாய்ப்புற்று நம் இனத்தாருக்கே அதிகம், அதிலும் பெண்களுக்கு. புகையிலை மட்டுமல்ல, பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இனிப்பு நீரிலும் நாம்தான் முன்னே நிற்கிறோம். 2019-இல் அரசாங்கம் எடுத்த கணக்கில், நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 18 பேருக்கு இது இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது!

சர்க்கரை ஏறிய உடம்பில் வெட்டிய இடம் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கும். வாயோ எந்நேரமும் எச்சிலும் கிருமியும் படும் இடம். கையிலோ தொடையிலோ சதை எடுத்து ஒட்டினால் அதுவும் ஒட்டிப் பிடிக்க வேண்டுமே! அதற்காகத்தான் முதலில் சர்க்கரையை இறக்குகிறார்கள். ஆனால் புற்றும் காத்திருக்காது. வாய்ப்புண் சந்தேகம் வந்த உடனேயே பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் சோதித்துக் கொண்டால் அந்த நாள்கள் மிச்சமாகலாம்.

காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 7.0 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் இனிப்பு நீர் என்பது கணக்கு. மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள். எச்பிஏ1சி என்று இன்னொன்று உண்டு. ஒரு நாள் பேரை மட்டும் பார்க்காமல் மூன்று மாதச் செக்ரோலைப் புரட்டுவது மாதிரி. முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது.

புற்று மருந்து ஏற்றும்போது வாந்தி வராமலிருக்க டெக்சாமெத்தசோன் கொடுப்பதுண்டு. இது சர்க்கரையை ஏற்றும், முன்பு இல்லாதவருக்கும்கூட. அதனால் சிகிச்சை நடக்கையிலும் விரலில் குத்திப் பார்ப்பார்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கதிர் வைத்து வாய் வெந்து, கஞ்சிகூட இறங்காத நேரத்தில் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். வேர்வை, நடுக்கம், மயக்கம் வரும். மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது. சாப்பிட முடியவில்லை என்பதை அன்றைக்கே டாக்டரிடமோ நர்சிடமோ சொல்லிக் கேளுங்கள்.

பேர் போய்விடும் என்று ரத்தம் கொடுக்கப் போகாதவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் வருஷத்துக்கு 60 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. 2023 ஜனவரி முதல், சாதாரண எம்.சி. நாள்களை அந்த 60-இல் கழிக்கக் கூடாது. எம்.சி. கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் சொல்லி விடுங்கள். மறுத்தால் நம்மிடம் வாருங்கள்.

பெரியவரை மறுபடி பார்த்தோம். அம்மாவுக்கு இன்சுலின் போட்டுச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, புது நாளும் கொடுத்து விட்டார்கள். "நீங்க பாத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டோம். வெற்றிலைப் பையை மெல்லப் பின்னால் தள்ளிக் கொண்டு, வியாழக்கிழமை கிளினிக்குக்கு வருவதாகச் சொன்னார்.