சரித்திரக் கதையும் சொல்வளமும்

தொடக்கப் பள்ளியை முடித்து நடுநிலைப் பள்ளிக்கு வரும் மாணாக்கரில் பலர் ஒரு பத்தியைத் தடையின்றி உரக்கப் படித்துவிடுகின்றனர். படித்ததன் பொருளைக் கேட்டால் தயங்குகின்றனர். ‘முற்றுகை’ என்ற சொல்லுக்குப் பாடத்தின் இறுதியில் தந்துள்ள பொருளைச் சிறுவன் ஒருவன் ஒப்பிக்கிறான். வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னால் ‘நான் நேற்று முற்றுகையைப் பார்த்தேன்’ என்று எழுதுகிறான். அவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். சொல் மட்டும் அவனுக்கு வந்து சேரவில்லை.

மூன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்பதை நோக்கமாகக் கொண்டு 2021ஆம் ஆண்டு ஜூலையில் ‘நிபுண் பாரத்’ இயக்கம் தொடங்கப் பெற்றது. மூன்றாம் வகுப்பைக் கடந்த பின்னரோ வேறொரு இடர்ப்பாடு எழுகிறது. அதுவரை பாட நூலில் வந்தவை பெரும்பாலும் வீட்டிலும் வீதியிலும் கேட்ட சொற்கள். அதன்பின் வருபவை வீட்டில் எவரும் வழங்காத சொற்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த குழந்தைக்கு அச்சொற்கள் கிடைக்கும் ஒரே இடம் வகுப்பறையே. அங்கும் அவை பட்டியலாகவே வந்தால், தேர்வு முடிந்த மறுநாளே மறைந்துவிடுகின்றன.

ஒரு சொல் எப்போது மனத்தில் தங்குகிறது? அடுத்து என்ன நேர்ந்தது என்று அறிவதற்கு அச்சொல் தேவைப்படும்போது தங்குகிறது. கோட்டைக்குள் தானியம் தீர்ந்துவிட்டது. வெளியே பகைவர் கூடாரமடித்துக் காத்திருக்கின்றனர். சிறுவன் ஒருவன் இரவில் கயிற்றைப் பிடித்து மதிலிலிருந்து இறங்குகிறான். இந்நிலையை உணர்ந்த குழந்தைக்கு ‘முற்றுகை’யின் பொருளை எவரும் எழுதிப்போட வேண்டியதில்லை. சிறுவர்க்கான சரித்திர நவீனம் சொற்பயிற்சிக்கு ஏற்ற கருவியாக அமைவது இதனாலேயே. பழகாத பொருள்களும் பதவிகளும் அதில் நிறைந்திருக்கும். கதையின் வேகமோ அவற்றைத் தாண்டிச் செல்லுமாறு குழந்தையை இழுத்துக்கொண்டே போகும்.

வங்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

எந்த மொழி ஆசிரியரும் தம் மொழி நூலைக் கொண்டு இம்முறையைக் கையாளலாம். வங்க மொழியில் இதற்கென ஒரு சிறந்த நூல் வாய்த்திருக்கிறது. துப்பறியும் வியோமகேஷ் பக்ஷியைப் படைத்தவர் என்று நாடெங்கும் அறியப்பட்ட சரதிந்து பந்தோபாத்தியாய (1899-1970) சரித்திர நவீனங்களிலும் புகழ் பெற்றவர். விஜயநகரத்தைக் களமாகக் கொண்ட அவரது ‘துங்கபத்ரார் தீரே’ குறிப்பிடத்தக்கது. வாழ்வின் பிற்பகுதியைப் புணேயில் கழித்த அவர், மராட்டிய மண்ணைக் களமாக்கி வங்கச் சிறுவர்க்கென எழுதியவை சதாசிவன் கதைகள். ஊரைவிட்டு விரட்டப்பட்ட சிறுவன் ஒருவன் சிவாஜியின் அணியில் சேர்ந்து புரியும் செயல்களே கதை. ஐந்து கதைகளும் ஒரே நாயகனைக் கொண்டு தொடர்வதால், தொகுத்துப் படிக்கும்போது ஒரு நவீனத்தின் இடத்தையே பெறுகின்றன.

நூலைத் திறக்குமுன் தலைப்புகளிலேயே முதற்பாடம் தொடங்கிவிடுகிறது. முதற்கதை ‘ஆதிகாண்டம்’. கிருத்திவாசரின் வங்க ராமாயணத்தில் முதற்பகுதிக்கு அதுவே பெயர். அடுத்து ‘அக்னிகாண்டம்’. இதைக் கண்டதும் வங்கச் சிறுவன் புன்னகை புரிவான். ஏனெனில் வங்கத்தில் ‘காண்டம்’ என்பது காவியத்தின் பிரிவை மட்டுமன்றி, அமளி, எதிர்பாராத நிகழ்ச்சி ஆகியவற்றையும் குறிக்கும். தீ விபத்துக்கு ‘அக்னிகாண்ட’ என்பதே நாளேடுகளில் வழங்கும் சொல். ‘காண்டஜ்ஞானம்’ என்றால் உலகியல் அறிவு. அது இல்லாதவன் என்பது அங்கு வழக்கமான வசவு. தமிழ்ச் சிறுவனோ ‘காண்டம்’ என்றதும் சுந்தர காண்டத்தை நினைப்பானே தவிர தீயணைப்பு வண்டியை நினைக்க மாட்டான். வடமொழியிலிருந்து இரு மொழிகளுக்கும் வந்த ஒரே சொல் ஓரிடத்தில் ஏட்டிலேயே தங்க, மற்றோரிடத்தில் தெருவுக்கு இறங்கியிருக்கிறது. எழுத்தாளர் இரு பொருளையும் ஒருங்கே வைத்து விளையாடியிருக்கிறார். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்ற எண்ணத்தை அகற்ற இதைவிட எளிய வழி அரிது.

அச்சமூட்டிய சொல்

அடுத்த பாடம் சற்று ஆழமானது. 1741 முதல் 1751 வரை மராட்டியக் குதிரைப் படையினர் வங்கத்தின் மீது பன்முறை படையெடுத்துச் சூறையாடினர். அப்படையினரை வங்க மக்கள் ‘பர்கி’ என்றனர். நவாப் அலிவர்தி கான் 1751இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ‘சௌத்’ கொடுக்க இசைந்த பிறகே படையெடுப்பு ஓய்ந்தது. எனினும் அப்பெயர் ஓயவில்லை. தாலாட்டில் புகுந்து, உறங்காத குழந்தையை அச்சுறுத்தும் பெயராக நிலைத்துவிட்டது. இன்றும் வங்கக் குழந்தை மராட்டியரைப் பற்றி முதன்முதலில் கேட்கும் சொல் பெரும்பாலும் அதுவே.

அதே குழந்தை பத்து வயதில் சதாசிவனைச் சந்திக்கிறது, அவனுக்காகக் கவலைப்படுகிறது. இந்நிலையில் ‘பர்கி’ எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் வினவ வேண்டும். அதன் மூலம் ‘பார்கீர்’ என்ற பாரசீகச் சொல். மராட்டியப் படையில் சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்தவன் ‘சிலேதார்’. குதிரை வாங்க வசதியின்றி, அரசு கொடுத்த குதிரையில் ஏறியவன் ‘பார்கீர்’. அதாவது தாலாட்டில் வரும் பூதம், தன் ஊரில் குதிரை வாங்கப் பணமில்லாத ஒரு குடியானவன். இதனால் 1740களில் வங்கம் பட்ட துன்பம் பொய்யாகிவிடாது. அதை மறைக்கவும் வேண்டியதில்லை. ஒரு சொல்லை இரு நாட்டாரும் இரு முனைகளிலிருந்து பார்த்தனர் என்பதை வகுப்பு ஒரு மணி நேரத்தில் கண்டுகொள்கிறது. ‘சௌத்’ என்பதையும் இங்கேயே விளக்கிவிடலாம். நான்கில் ஒரு பங்கு என்பது அதன் பொருள். கணக்குப் பாடமும் உடன் நடந்துவிடும்.

கவர்ந்தானா, மீட்டானா?

சொல்லின் பொருள் வேறு, ஆட்சி வேறு. பொருள் தெரிந்தும் இடமறிந்து வழங்கத் தெரியாமையே மேல்வகுப்பு மாணாக்கரின் கட்டுரைகளில் காணும் பெருங்குறை. இதற்குச் சரித்திரக் கதை தரும் பயிற்சி ஈடற்றது. சிவாஜி 1646ஆம் ஆண்டளவில் தோரணா கோட்டையைத் தம் வசமாக்கினார். இச்செய்தியைத் தமிழில் எழுதும் மாணவனுக்குப் பல வினைச்சொற்கள் காத்திருக்கின்றன. கோட்டையைப் பிடித்தார், கைப்பற்றினார், கவர்ந்தார், பறித்தார், மீட்டார், வென்றார். அகராதியில் இவை அண்டை வீட்டுக்காரர்கள். ஆயினும் ‘மீட்டார்’ என்றால் கோட்டை முன்னரே அவருடையது என்றாகிறது. ‘பறித்தார்’ என்றால் குற்றம் சாட்டுகிறோம். ‘வென்றார்’ என்றால் போர் நடந்ததென்று கொள்ள வேண்டும். ‘கைப்பற்றினார்’ என்பது ஏறக்குறைய நடுநிலை.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைப் பீஜப்பூர் அரசவை எழுத்தரின் நிலையிலிருந்தும் மறு பாதியினரைச் சிவாஜியின் எழுத்தர் நிலையிலிருந்தும் அதே நிகழ்ச்சியை ஐந்து வரிகளில் எழுதச் செய்யலாம். எழுதியவற்றை மாற்றிப் படிக்கும்போது, வினைச்சொல்லிலேயே தீர்ப்பு ஒளிந்திருப்பதை மாணாக்கர் தாமே காண்பர். நாளிதழ் படிக்கும் குடிமகனுக்கும் இத்திறன் பயன்படும்.

இங்கே ஆசிரியர் விழிப்புடன் இருக்க வேண்டிய இடமும் ஒன்றுண்டு. சரித்திரக் கதைகளில் ‘எதிரி’, ‘அந்நியன்’ என்ற சொற்கள் அடிக்கடி வரும். யாருக்கு எதிரி என்ற கேள்வியைக் கேளாமல் அவற்றைக் கடந்துவிடக் கூடாது. சிவாஜியின் தந்தை ஷாஜி பீஜப்பூர் சுல்தானிடம் பணியாற்றிய தளபதி. அந்த அரசின் படையில் மராட்டியத் தலைவர்கள் பலர் இருந்தனர். ஆகவே ‘பீஜப்பூர்ப் படை’ என்று கூற வேண்டிய இடத்தில் ஒரு சமயத்தாரின் பெயரைக் கூறுவது உணர்ச்சிப் பிழை மட்டுமன்று, சொற்பிழையுமாகும். மாணாக்கரின் ஏட்டில் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தவேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

சொல்லுக்காக ஓர் அரசு கவலைப்பட்டது

சிவாஜியின் காலம் சொற்பயிற்சிக்கு உகந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அக்கால மராத்தி ஆட்சிமொழியில் பாரசீக, அரபுச் சொற்கள் மிகுந்திருந்தன. அவற்றுக்கு ஈடான வடமொழிச் சொற்களைத் தொகுக்குமாறு சிவாஜி பணித்ததன் விளைவே ‘ராஜ்யவ்யவஹார கோசம்’. ஏறக்குறைய 1,380 சொற்கள் பத்துப் பிரிவுகளாக அதில் அமைந்துள்ளன. ரகுநாத பந்த் ஹனுமந்தே பெயரால் அறியப்படும் இக்கோசத்துக்குத் தமிழகத் தொடர்பும் உண்டு. அவர் முன்னர்த் தஞ்சை மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜியிடம் பணியாற்றியவர். 1674இல் முடிசூடிய சிவாஜியின் அமைச்சரவையில் பேஷ்வா ‘முக்கிய பிரதானர்’ ஆனார். மஜும்தார் ‘அமாத்தியர்’ ஆனார். சர்நௌபத் ‘சேனாபதி’ ஆனார்.

இவற்றுள் எவை நிலைத்தன? ‘பேஷ்வா’வை எவராலும் அகற்ற இயலவில்லை, பின்னாளில் அப்பதவி அரசரையே மிஞ்சி நின்றது. ‘கில்லா’வும் ‘கஜினா’வும் மராத்தியில் இன்றும் வழங்குகின்றன. ‘சேனாபதி’யும் நிலைபெற்றது. தமிழிலும் வசூல், ஜாமீன், ரசீது, கஜானா, ஜப்தி, தாசில்தார், வக்கீல் போன்றவை நவாபு, மராட்டிய, கும்பெனி ஆட்சிகளின் வழியே நுழைந்து கச்சேரிகளில் குடியேறிவிட்டன. தனித்தமிழில் தேர்ந்த ஆசிரியர்கூட ஜாமீன் கேட்கும்போது ஜாமீன் என்றே கேட்பார். ஆணையால் பிறக்கும் சொல்லும் வழக்கால் வாழும் சொல்லும் வேறு வேறு என்பது எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடிய செய்தியே. தன் தாத்தாவின் நிலப் பத்திரத்திலிருந்து இத்தகைய பத்துச் சொற்களைத் தேடி எழுதிவரச் சொன்னால் போதும்.

வகுப்பறையில்

முறை கடினமானதன்று, பொறுமையே தேவை. முதல் வாசிப்பில் எந்தச் சொல்லுக்கும் நிறுத்தலாகாது. கதை நடுவே நின்று ‘மதில் என்றால் என்ன?’ என்று கேட்கும் ஆசிரியர் கதையையும் சொல்லையும் ஒருங்கே இழக்கிறார். ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து அல்லது ஆறு சொற்களே போதும். இடத்தை நோக்கிப் பொருளை ஊகிக்கக் கூடியவற்றைக் குழந்தைகளிடமே விட்டுவிட வேண்டும். ஊகிக்க இயலாதவற்றை மட்டும் இரண்டாம் வாசிப்பில் விளக்கலாம். அகராதி அதன் பிறகே வரவேண்டும், ஊகத்தைச் சரிபார்க்கும் சாட்சியாக. கதையில் ஒருமுறை வந்த சொல்லை அடுத்த வாரம் வேறோர் இடத்தில் ஆசிரியர் தம் பேச்சில் வழங்குவது எல்லாவற்றினும் பயனுடையது. முற்றுகையைக் கோட்டையோடு விட்டுவிடாமல், மதிய உணவுக்கூடத்தைக் குழந்தைகள் முற்றுகையிட்டதாகவும் கூறலாம்.

காலத்துக்கு ஒவ்வாத சொற்களைத் தேடச் செய்வதும் குழந்தைகளுக்குப் பிடித்தமான பயிற்சி. சிவாஜியின் வீரன் தேநீர் அருந்தினால் பிழை. ‘ஒரு நிமிடம் பொறு’ என்றால்? நிமிடம் என்ற சொல் பழையது. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் நிமிடம் அவனிடம் இருந்ததா? இவ்வினாவுக்கு வகுப்பு எளிதில் உடன்பாட்டுக்கு வருவதில்லை. வராததே நல்லது.

செலவு பற்றிய தடை பெரிதன்று. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி நூலகங்களுக்குப் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை மானியம் வழங்க வழிவகுக்கப்பட்டுள்ளது. 1957இல் நிறுவப்பட்ட தேசிய புத்தக நிறுவனம் இந்திய மொழிகள் பலவற்றில் சிறுவர் நூல்களைக் குறைந்த விலைக்கு வெளியிட்டு வருகிறது. நாற்பது பேருக்கு நாற்பது படிகள் வேண்டுமென்பதில்லை. நன்கு படிக்கக் கூடிய ஓர் ஆசிரியரும் ஒரு படியும் போதும். வாங்கிய நூல் அலமாரியில் பூட்டப்பட்டு, ஆண்டிறுதி இருப்புக் கணக்கின்போது மட்டும் வெளிவருவதே பல பள்ளிகளில் உள்ள நிலை. நூல் கிழிந்தால் பொறுப்பேற்க வேண்டுமே என்று அஞ்சும் ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. கையாளுதலால் சேதமுற்ற நூல்களைக் கணக்கிலிருந்து நீக்கும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கே அளித்துவிட்டால், அலமாரியின் பூட்டு தானே திறந்துகொள்ளும்.