கேலிக்கு இடம் கொடாத சிரிப்பு

1941 ஜூலை 2 அன்று லண்டனின் பிக்காடிலி அரங்கில் நோயல் கவர்ட் எழுதிய ‘பிளைத் ஸ்பிரிட்’ நாடகம் அரங்கேறியது. ஜெர்மன் விமானங்களின் தொடர் குண்டுவீச்சு ஓய்ந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. பார்க்க வந்தவர்களில் சாவு விழுந்த வீட்டைச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் நடந்ததோ ஆவிகளை வைத்து ஒரு நகைச்சுவை. தன் நாவலுக்குத் தகவல் திரட்டுவதற்காக, ஆவிகளோடு பேசும் பெண்மணியை ஓர் எழுத்தாளர் விருந்துக்கு அழைக்கிறார். அவர் விளையாட்டாக நினைத்த சடங்கில், இறந்துபோன முதல் மனைவி மெய்யாகவே வந்து சேர்ந்துவிடுகிறாள், போகவும் மறுக்கிறாள். செத்தவர்களை வைத்துச் சிரிப்பதா என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. ஆனாலும் நாடகம் 1997 காட்சிகள் ஓடியது. கவர்டின் எழுத்துத் திறம் அதற்கு முதல் காரணம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் யாருக்கும் காயம் படாமல் போனதற்குக் காரணம், ஆவிகளோடு பேசும் அந்த மேடம் ஆர்க்கட்டியாக முதலில் மேடையேறிய 49 வயது மார்கரெட் ரூதர்ஃபோர்ட் என்றே நான் கருதுகிறேன். அவர் அந்த வேடத்தை ஏற்கவே தயங்கினார். ஆவிகளை நம்புகிறவர்களின் நம்பிக்கையைக் கேலிப்பொருளாக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். ஏற்றுக்கொண்ட பிறகும் அந்த எண்ணத்தை அவர் கைவிடவில்லை. 1945இல் டேவிட் லீன் எடுத்த படத்தில் இதை இன்றும் பார்க்கலாம். மிதிவண்டியில் வந்திறங்கும் ஆர்க்கட்டி, மருத்துவச்சி பிரசவத்துக்குத் தயாராவதுபோல ஆவி அழைப்புக்குத் தயாராகிறார். ஆவி மெய்யாகவே வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் அடையும் குதூகலத்தில் போலித்தனம் ஒரு துளியும் கிடையாது. வாழ்நாள் உழைப்பு பலித்துவிட்ட ஒருவரின் மகிழ்ச்சி அது. நாம் சிரிக்கிறோம், சிரித்துக்கொண்டே அவர் பக்கம் சேர்ந்துவிடுகிறோம்.

ரூதர்ஃபோர்டின் கலைக்கு அடிப்படை இதுதான் என்பது என் வாதம். சிரிக்க வைக்க வேண்டும் என்று அவர் நடிக்கவில்லை. மக்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பது தனக்கே வியப்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மேடை நகைச்சுவை பெரும்பாலும் முதலாவதை நம்பிப் பிழைக்கிறது. நடிகர் தன் பாத்திரத்தைத் தானே எள்ளுவார். ‘நானும் உங்களோடுதான் சிரிக்கிறேன்’ என்று கண்ணாலேயே நமக்குச் சொல்லிவிடுவார். ரூதர்ஃபோர்ட் அந்தக் கண்சாடையை ஒருபோதும் செய்யவில்லை. அவருடைய இடம் நான்காவது. கேட்டதை மெய்யென்று கொள்வது, கொண்டதை விடாமல் பற்றுவது என்றெல்லாம் உரையாசிரியர்கள் மடனுக்குப் பொருள் சொல்வார்கள். அவர் நடித்த பெண்கள் எல்லோரும் எதையோ அப்படிப் பற்றிக்கொண்டவர்கள். உலகம் அவர்களோடு ஒத்துப்போகாத இடத்தில் சிரிப்பு வருகிறது. அவர்கள் தங்களோடு முரண்படுவதே இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய தாமதமான தொடக்கமே நல்ல விளக்கம். 1892இல் பிறந்த அவர் பல ஆண்டுகள் விம்பிள்டன் வீதிகளில் மிதிவண்டியில் வீடு வீடாகப் போய்ப் பியானோவும் பேச்சுக்கலையும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். தன்னை வளர்த்த, தாயின் சகோதரி விட்டுச்சென்ற சிறு வருமானத்தை நம்பி, 1925இல், 33 வயதில், ஓல்ட் விக் நாடகக் குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஒரு பருவத்தோடு அதுவும் முடிந்தது. மறுபடி பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். 1938இல் ‘ஸ்பிரிங் மீட்டிங்’ நாடகத்தில் குதிரைப் பந்தயப் பித்துப் பிடித்த முதிய பெண்ணாக வந்தபோதுதான் லண்டன் அவரைக் கவனித்தது. அப்போது வயது 46. திருமணமாகாத ஆசிரியைகள், அக்கம்பக்கத்தார் உதட்டோரம் சிரித்து ஒதுக்கும் நடுவயதுப் பெண்கள் — இவர்களை அவர் வெளியிலிருந்து பார்த்து நடிக்கவில்லை. அவர்களில் ஒருவராகவே முக்கால்வாசி இளமையைக் கழித்திருந்தார். ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’டில் மிஸ் பிரிஸம் என்ற வீட்டு ஆசிரியையாக 1939இல் ஜான் கில்குட்டின் தயாரிப்பிலும், 1952இல் ஆந்தனி ஆஸ்குவித்தின் படத்திலும் அவர் நடித்ததைக் கவனியுங்கள். குழந்தையைக் கைப்பையிலும், தான் எழுதிய நாவலின் கைப்பிரதியைத் தள்ளுவண்டியிலும் மாற்றி வைத்துவிட்டவள் பிரிஸம். கதைப்படி அது அபத்தத்தின் உச்சம். ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பை திரும்பக் கிடைக்கும்போது ரூதர்ஃபோர்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தன்னுடையதுதான் என்று உறுதி செய்கிறாரே, அங்கே நாவல் எழுதக் கனவு கண்ட ஓர் ஏழை ஆசிரியையின் தொலைந்த வாழ்க்கை ஒரு கணம் தலைகாட்டுகிறது. வைல்டின் வசனம் அதைக் கேட்கவில்லை, அவர் கொடுத்தார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது மிஸ் மார்ப்பிள் பற்றியது. 1961 முதல் 1964 வரை ஜார்ஜ் பொல்லாக் இயக்கிய நான்கு படங்களில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கிழவியாக ரூதர்ஃபோர்ட் நடித்தார். கிறிஸ்டியின் மார்ப்பிள் மெலிந்த, நிதானமான, பின்னல் ஊசியோடு மூலையில் இருந்து கவனிக்கும் பெண். ரூதர்ஃபோர்டோ பெருத்த உடலோடு, தாடை துடிக்க, மேலங்கி பறக்க முன்னே நடப்பவர். கடைசிப் படமான ‘மர்டர் அஹாய்’யில் வாள்சண்டைகூடப் போடுகிறார். நான்கில் இரண்டு படங்கள் மார்ப்பிள் கதைகளே அல்ல, பொய்ரோ துப்பறியும் நாவல்களிலிருந்து எடுத்தவை. கிறிஸ்டிக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஆகவே நாவலின் பாத்திரத்தை ரூதர்ஃபோர்ட் கேலிச்சித்திரமாக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன்: இது நாவலின் மார்ப்பிள் அல்ல. நாவலின் மார்ப்பிள் வேண்டுமென்றால் ஜோன் ஹிக்ஸன் பிற்காலத்தில் பிபிசி தொடரில் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். (அதே ஹிக்ஸன் ரூதர்ஃபோர்டின் முதல் மார்ப்பிள் படத்தில் ஒரு சிறு வேடத்தில் வருகிறார்.) ஆனால் கேலிச்சித்திரம் என்பதை ஏற்க முடியாது. ‘மர்டர், ஷி செட்’ படத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலில் ஒரு பெண்ணின் கழுத்து நெரிக்கப்படுவதை மார்ப்பிளே பார்க்கிறார். நாவலில் பார்ப்பவர் அவருடைய தோழி. பிணம் கிடைக்கவில்லை. துப்பறியும் கதைகள் படித்துப் படித்துக் கிழவிக்குக் கனவு வந்திருக்கும் என்கிற தோரணையில் அவரை ஒதுக்குகிறார்கள். அப்போது அந்த முகத்தில் வருவது கோபமல்ல, அவமதிக்கப்பட்ட ஒரு நேர்மை. உடனே அவர் பெரிய மாளிகை ஒன்றில் வேலைக்காரியாகச் சேர்ந்து, தானே பிணத்தைத் தேடப் புறப்படுகிறார். கதையில் மாற்றம் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தின் மையத்தில், யாரும் நம்பாத ஒரு முதியவளின் சொல் மெய்யாகிறது. பாத்திரத்தைக் கேலி செய்பவரால் இதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. படங்களை விரும்பாத கிறிஸ்டியே 1962இல் வந்த தன் மார்ப்பிள் நாவலை ரூதர்ஃபோர்டுக்குப் பாராட்டோடு காணிக்கையாக்கினார். படத்துக்கும் நடிகைக்கும் இடையே அவர் கண்ட வேறுபாட்டை நாமும் காணலாம்.

இன்னொரு தரப்பு, எல்லாவற்றையும் அவருடைய குடும்பத் துயரத்தில் கொண்டுபோய் முடிக்கிறது. துயரம் கொடியதுதான். ரூதர்ஃபோர்ட் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1883இல், மனம் பிறழ்ந்த நிலையில் அவருடைய தந்தை வில்லியம் பென் தன் சொந்தத் தந்தையையே கொன்றார். பிராட்மூர் மனநோயாளர் காப்பகத்திலிருந்து ஏழாண்டுகளுக்குப் பின் வெளிவந்ததும் குடும்பப் பெயரை உதறிவிட்டு ரூதர்ஃபோர்ட் ஆனார். கைக்குழந்தையோடு தம்பதி புதுவாழ்வு தேடி வந்தது நம் மதராஸுக்கு. இந்தியாவில்தான் தாய் தற்கொலை செய்துகொண்டார். குழந்தை மூன்று வயதில் இங்கிலாந்துக்குத் திரும்பி, தாயின் சகோதரி பெஸ்ஸியிடம் வளர்ந்தது. தந்தை மறுபடி பிராட்மூருக்குப் போனார். அவர் இறந்துவிட்டதாகச் சொல்லி வளர்க்கப்பட்ட மகள், பின்னர்தான் உண்மையை அறிந்தார். தனக்கும் மனம் பிறழுமோ என்ற அச்சமும், மனச்சோர்வும் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தன. இதையெல்லாம் வைத்து ‘அழுகையே சிரிப்பாக மாறியது’ என்று எழுதுவது எளிது. ஆனால் இதே வகைத் துயரம் அனுபவித்த எத்தனையோ பேர் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. துயரம் கலையை உண்டாக்கிவிடாது. விசித்திரமான மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கத் தயங்கும் மனத்தை வேண்டுமானால் அது அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஊகம். மீதியெல்லாம் உழைப்பு.

எல்லாவற்றிலும் எளிதாகச் சொல்லப்படுவது, அவருடைய முகமே வேடிக்கை, அதற்கு மேல் அவர் என்ன செய்துவிட்டார் என்பது. முகம்தான் காரணம் என்றால் அது எங்கே வந்தாலும் சிரிப்பு வரவேண்டும். 1963இல் வந்த ‘தி வி.ஐ.பி.ஸ்’ படத்தில், பனிமூட்டத்தால் லண்டன் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் நொடித்துப்போன சீமாட்டியாக வருகிறார். மூதாதையர் வீட்டைக் காப்பாற்ற வயதான காலத்தில் வேலை தேடிக் கடல் கடக்கப் புறப்பட்டவள். எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் நடித்த அந்தப் படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர், சிறந்த துணை நடிகைக்கான ரூதர்ஃபோர்டின் விருதுதான். மாத்திரையும் மதுவுமாய்த் தடுமாறும் காட்சிகளில் சிரிப்பு வருகிறது. வீட்டைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. முகம் அதே முகம். இன்னும் தெளிவான சான்று 1965இல் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘சைம்ஸ் அட் மிட்நைட்’. ஷேக்ஸ்பியரின் விடுதிக்காரி மிஸ்ட்ரஸ் குவிக்லி அவர். படத்தின் நாயகனான ஃபால்ஸ்டாஃப் எப்படி இறந்தான் என்று அவள் சொல்கிறாள்: பாதத்தைத் தொட்டாளாம், குளிர்ந்திருந்ததாம், முழங்காலைத் தொட்டாளாம், அதற்கும் மேலே தொட்டாளாம், எல்லாம் கல்லாய்க் குளிர்ந்திருந்ததாம். ஷேக்ஸ்பியர் அந்தப் பேச்சில் ஆபாசச் சிரிப்புக்கும் வழி வைத்திருக்கிறார். விரும்பும் நடிகை அதை எடுத்துக்கொள்ளலாம். ரூதர்ஃபோர்ட் தொடவில்லை. குவிக்லிக்குத் தன் பேச்சின் இரண்டாம் பொருள் தெரியாது, ஆகவே அவருக்கும் தெரியாது. ஆவி வந்துவிட்டதென்று குதித்த அதே குரல், அதே உறுதியோடு, போனவன் போய்விட்டான் என்று சொல்கிறது. பெரிய சவப்பெட்டியை வண்டியில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.