ஒரே சமயத்தில் பல பேருக்கு வாந்தி, காய்ச்சலா? 104-க்குச் சொல்லுங்க

உயிரியல் தாக்குதல்னு சொன்னதும் புகை, முகமூடி போட்ட ஆட்கள் என்று சினிமாக் காட்சிதான் நினைவுக்கு வரும். நிஜத்தில் சத்தமே இருக்காது. கிருமி உடம்புக்குள் போய்ச் சில மணி நேரமோ, சில நாளோ கழித்துத்தான் ஆள் படுப்பார். பார்த்தால் சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாதிரியே தெரியும்.

1984-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், தி டால்ஸ் என்ற சிற்றூரில் நடந்தது இது. ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர், உள்ளூர்க்காரர்களை ஓட்டுப் போட விடாமல் படுக்க வைக்கத் திட்டமிட்டு, ஓட்டல்களின் சாலட் மேசைகளில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேருக்கு நோய். நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. சமையல் ஆட்களின் கை சுத்தமில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். சதி என்று தெரியவே ஒரு வருடம் ஆனது! ஆனால் சாப்பிட்டவர்களின் புகார் வந்ததுமே சுகாதாரத் துறை விசாரணையில் இறங்கியது. சாலட் மேசைகளும் சில நாட்களில் மூடப்பட்டன.

ஆகவே, 'இது தாக்குதலா?' என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போய் ஒரே இடத்தில் சாப்பிட்டவர்கள், ராஜபாளையத்தில் ஒரே மில்லில் வேலை பார்ப்பவர்கள், ஒரே குழாய்த் தண்ணீர் குடிக்கும் தெருக்காரர்கள் என நாலைந்து பேருக்கு ஒரே மாதிரி வந்தால் 104-ல் சொல்லுங்கள். எத்தனை பேர், எப்போதிலிருந்து, பொதுவாக என்ன சாப்பிட்டார்கள் என்பது போதும். மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிடாமல் மூடி வையுங்கள், பரிசோதனைக்கு உதவும். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் 108. மெடிக்கலில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.

2001-ல் அமெரிக்காவில் தபாலில் ஆந்த்ராக்ஸ் பொடி வந்து 22 பேர் பாதிக்கப்பட்டு, 5 பேர் இறந்தார்கள். சந்தேகமான பொடியுடன் கவர் வந்தால் முகராதீர்கள், உதறாதீர்கள். கிட்டப் போய் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இருக்கே, அதுவும் ஆபத்து! அப்படியே வைத்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவி, 112-க்குச் சொல்லுங்கள்.

இந்த ஆந்த்ராக்ஸ் நமக்குப் புதுசும் இல்லை. மாடு வளர்ப்பவர்கள் 'அடைப்பான்' என்று சொல்வது இதைத்தான். மலையடிவாரத்தில் மேய்ந்த மாடோ ஆடோ திடீரென்று செத்து, மூக்கு, வாய் வழியாக உறையாத ரத்தம் கசிந்தால் அறுக்கவோ தோலை உரிக்கவோ வேண்டாம். 1962-க்குக் கூப்பிட்டு, கால்நடை மருத்துவர் வரும்வரை நாய், காகம் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.