அழுமூஞ்சிப் பையன்தான் கதாநாயகன்!
ஜப்பான் படக்கதைகளில் ஒரே அச்சில் வார்த்த சிறுவர்கள்

கதாநாயகன் என்றால் எப்படி இருக்க வேண்டும்?

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியிலும், ஆற்றங்கரையில் உள்ள மற்ற ஊர்களிலும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்வார்கள். அவர்கள் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள்.

கூத்தில் அர்ச்சுனன் வருகிறான். தலையில் பெரிய கிரீடம். தோளில் புஜகீர்த்தி. மார்பில் பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் ஒட்டியவை. விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று மின்னும். திரைக்குப் பின்னால் நின்று முதலில் பாடுவான். திரை விலகும். கட்டியக்காரன் “யார் நீங்கள்?” என்று கேட்பான். வந்தவன் தன் குலப் பெருமையையும் வீரத்தையும் எடுத்துச் சொல்வான். கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அவன்தான் கதாநாயகன். அவன் அழமாட்டான். ஓடி ஒளியமாட்டான்.

அதே வீட்டில், இப்போது பேரப் பிள்ளைகள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் கதாநாயகன் யார் தெரியுமா?

வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பையன். பரீட்சையில் முட்டை மார்க்கு வாங்குகிறவன். ஓட்டப் பந்தயத்தில் கடைசி. ஒரு முரட்டுப் பையனிடம் அடி வாங்கிக்கொண்டு, “டோரேமான்!” என்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வருகிறான்.

அவன் பெயர் நோபிதா. ஜப்பானியச் சிறுவன்.

“இவனெல்லாம் ஒரு கதாநாயகனா?” என்று தாத்தா கேட்கிறார். நியாயமான கேள்விதான். பதில் சுவையானது.

கடனை அடைக்க வந்த பொம்மை

முதலில் கதையைச் சொல்லிவிடுவோம்.

நோபிதா பெரியவன் ஆகிறான். அவன் வைத்த கம்பெனி தீப்பிடித்து எரிகிறது. பெருங்கடன் ஏறுகிறது. அந்தக் கடன் மகன், பேரன் என்று தொடர்ந்து, எள்ளுப் பேரன் தலைமுறைவரை தீரவில்லை!

22-ம் நூற்றாண்டில் இருக்கும் அந்தப் பிள்ளை ஒரு யோசனை செய்கிறான். “தாத்தா சிறுவனாக இருக்கும்போதே திருத்திவிட்டால் என்ன?” காலத்தைக் கடந்து செல்லும் யந்திரத்தில் ஒரு பூனை பொம்மையை அனுப்பி வைக்கிறான். அதுதான் டோரேமான். நடக்கும், பேசும், சாப்பிடும் யந்திர பொம்மை. அதன் வயிற்றில் ஒரு பை. கையை விட்டால் வேண்டிய சாமான் எல்லாம் வரும்.

இந்தப் படக்கதை 1970 ஜனவரி இதழ்களில் தொடங்கியது. 1979 முதல் ஜப்பான் டெலிவிஷனில் பெரும் புகழ் பெற்றது. 2005-ல் இந்தியாவுக்கு வந்தது. முதலில் இந்தி பேசிய டோரேமான், பிறகு தமிழும் பேசத் தொடங்கியது.

இரண்டு நண்பர்கள்

இதை வரைந்தவர் ஹிரோஷி புஜிமோட்டோ. 1933-ல் பிறந்தவர். அவருக்கு ஒரு பள்ளித் தோழர். பெயர் மோட்டோ அபிகோ. 1934-ல் பிறந்தவர். தகப்பனார் இறந்ததால் ஊர் மாறி, ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளை.

இருவருக்கும் படம் வரைவதில் ஆசை. நட்பு இறுகியது. 1951-ல், பள்ளியில் படிக்கும்போதே, சிறுவர் பத்திரிகை ஒன்றில் இவர்கள் படக்கதை வெளிவந்தது. பிறகு டோக்கியோவுக்குப் போய் ஒரே கட்டடத்தில் தங்கி வரைந்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே புனைபெயர்: புஜிகோ புஜியோ. யார் எந்தக் கதையை வரைந்தாலும் அந்தப் பெயர்தான் போடுவார்கள். 1987 வரை இப்படியே நடந்தது.

ஐந்து கதை, ஒரே அச்சு

இந்த நண்பர்கள் வரைந்த கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

1964-ல் வந்தது ‘க்யூதாரோ’ என்ற பூதத்தின் கதை. ஷோத்தா என்ற சாதாரணப் பையன். முட்டையிலிருந்து பிறந்த வெள்ளைப் பூதம் அவன் வீட்டில் வந்து தங்குகிறது.

அதே 1964-ல் ‘நிஞ்ஜா ஹட்டோரி’. கெனிச்சி என்ற பையன். படிப்பில் மந்தம். மலைநாட்டிலிருந்து வந்த வித்தைக்காரச் சிறுவன் ஹட்டோரி அவன் வீட்டில் தங்குகிறான். இது அபிகோ வரைந்தது.

1967-ல் டெலிவிஷனுக்கு வந்தது ‘பெர்மேன்’. மித்சுவோ என்ற பையன். இவனும் படிப்பில் பின்தங்கியவன்தான். வானத்திலிருந்து வந்த ஒருவர் இவனுக்கு ஒரு தொப்பியும் துணியும் தருகிறார். போட்டுக்கொண்டால் பறக்கலாம்.

பிறகு டோரேமானும் நோபிதாவும்.

1974-ல் ‘கிதெரெத்சு’. இவனுக்குத் துணை, இவனே செய்த கொரோசுகே என்ற பொம்மை.

பெயர்கள்தான் வேறு. அச்சு ஒன்றே!

கதாநாயகன் பத்து வயதுப் பையன். தகப்பனார் ஆபீசுக்குப் போகிறவர். தாயார் வீட்டில் இருந்துகொண்டு “வீட்டுப் பாடம் எழுதினாயா?” என்று கேட்கிறவர். அவன் மனத்துக்குப் பிடித்த ஒரு நல்ல பெண் வகுப்பில் இருப்பாள். நோபிதாவுக்கு ஷிசுகா. கெனிச்சிக்கு யுமேகோ. மித்சுவோவுக்கு மிச்சிகோ. அவனைத் தொல்லை செய்ய ஒரு போட்டிக்காரன் இருப்பான். நோபிதாவுக்கு ஜியான். கெனிச்சிக்கு கெமுமாகி. மித்சுவோவுக்குக் கபாவோ.

வெளியிலிருந்து ஒரு துணை வரும். அந்தத் துணையின் சக்தியை வைத்துப் பையன் குறுக்கு வழி தேடுவான். அகப்பட்டுக்கொள்வான். முடிவில் அசடு வழிய நிற்பான்.

துணைக்கும் பயம் உண்டு!

இன்னொரு தமாஷ். வந்த துணை எவ்வளவு வல்லமை உள்ளதானாலும், அதற்கும் ஒரு பயம் வைத்திருக்கிறார்கள்.

டோரேமானுக்கு எலி என்றால் நடுக்கம். அதன் காதுகளை எலி கடித்துவிட்டதாகக் கதை. பூதம் க்யூதாரோ நாயைக் கண்டால் ஓடும். கத்திக்கு அஞ்சாத ஹட்டோரி தவளையைக் கண்டால் வெலவெலத்துப் போவான்.

தின்பதற்கும் குறைவில்லை. டோரேமானுக்குப் பயற்றம் பூரணம் வைத்த ஒரு ஜப்பானியப் பணியாரம். க்யூதாரோ கிண்ணம் கிண்ணமாகச் சோறு தின்னும்.

ஏன் இப்படி? பயமும் பசியும் இல்லாத துணை தெய்வமாகிவிடும். தெய்வத்தைக் கும்பிடலாம். கூட விளையாட முடியுமா?

ஏன் ஒரே அச்சு?

கூத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நடுராத்திரியில் கூத்துக்கு வருகிறவர் “மேடையில் நிற்பது யார்?” என்று கேட்க வேண்டியதில்லை. கிரீடத்தையும் முகத்தின் வண்ணத்தையும் பார்த்தாலே போதும். சிவந்த முகமும் உருட்டிய விழியுமாக வந்தால் துரியோதனன் கூட்டம். பச்சையோ நீலமோ பூசி வந்தால் கிருஷ்ணன். வேடமே ஆளைச் சொல்லிவிடும்.

டோரேமான் கதையும் அப்படித்தான். அது ஒரு பத்திரிகையில் தொடங்கவில்லை. பாலர் பள்ளி முதல் நான்காம் வகுப்பு வரை, வயதுக்கு ஒன்றாக ஆறு பத்திரிகைகள். ஆறிலும் ஒரே மாதத்தில் தொடங்கியது. ஒவ்வொரு வயதுக்கும் ஏற்றபடி தனித்தனிக் கதை வரைந்தார் புஜிமோட்டோ.

நடுவில் புத்தகத்தை எடுக்கிற குழந்தைக்கும் விளங்க வேண்டும். வட்டக் கண்ணாடியைப் பார்த்ததும் ‘இவன் நம்மைப் போன்றவன்’ என்று தெரிய வேண்டும். பருத்த உடலைப் பார்த்ததும் ‘இவன் அடிப்பவன்’ என்று தெரிய வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குப் படமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

டோரேமானின் உயரம் 129.3 சென்டிமீட்டர். இதற்கும் கணக்கு உண்டு. அந்த நாளில் ஜப்பானில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரி உயரம் அது. பிள்ளை நிமிர்ந்தும் பார்க்க வேண்டாம், குனிந்தும் பார்க்க வேண்டாம். கண்ணுக்குக் கண் பார்க்கலாம்.

தள்ளினால் எழும் பொம்மை

டோரேமானின் உருவம் பிறந்த கதையும் கேளுங்கள்.

இதழ் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. புஜிமோட்டோவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தவித்துக்கொண்டிருந்தார். அவர் கால், மகளின் விளையாட்டுப் பொம்மையில் இடறியது. அடி கனத்த உருண்டைப் பொம்மை. எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நிற்கும். நம் தஞ்சாவூர்ப் பொம்மையின் ஜாதி! அந்த உருண்டையையும் ஒரு பூனையையும் சேர்த்தார். டோரேமான் பிறந்தது.

சிறு வயதில் தாமும் நோபிதாவைப் போலவே இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். விளையாட்டில் தோற்ற பிள்ளை, பிற்காலத்தில் தோற்கும் பிள்ளைகளுக்காக வரைந்தார். 1996-ல், டோரேமான் கதை ஒன்றை வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே, 62 வயதில் காலமானார். தோழர் அபிகோ 2022-ல் மறைந்தார்.

பெற்றோர் புகார்

“இதைப் பார்த்துப் பிள்ளை சோம்பேறி ஆகிறானே!” என்பது பெற்றோரின் குறை.

இந்தக் குறை நம் வீட்டில் மட்டும் இல்லை. 2013-ல் வங்காள தேசத்து அரசாங்கம் இந்தி பேசும் டோரேமானைத் தடை செய்தது. பிள்ளைகள் தாய்மொழியை விட்டு இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது காரணம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கவலை அதிகம். தகப்பனார் இரவு ஷிப்ட். தாயாரும் வேலைக்குப் போகிறார். எல்லைக்கு அப்பால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் ஜப்பான் கம்பெனிகள் பல இருக்கின்றன. அப்பா ஜப்பான்காரர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பிள்ளை ஜப்பான்காரர் படம் பார்க்கிறான்!

பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு, வயிற்றுப் பையோடு ஒரு துணை வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றாதா? அவன் ஆசைப்படுவது பைக்குள் இருக்கும் சாமானுக்கு மட்டும் அல்ல. “என்னடா நடந்தது?” என்று கேட்கிற ஆளுக்கும்தான்.

தனியாக நின்ற இரவு

நோபிதா என்றுமே திருந்தவில்லையா? திருந்திய கதை ஒன்று உண்டு. 1974-ல் வந்தது.

டோரேமான் தன் காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய நாள் வருகிறது. அன்று இரவு நோபிதா வெளியே போகிறான். ஜியான் எதிரே வருகிறான். சண்டை மூளுகிறது. வழக்கமாக நோபிதா டோரேமானைக் கூப்பிடுவான். அன்று கூப்பிடவில்லை.

அடி விழுகிறது. விழுகிறான். எழுகிறான். மறுபடியும் விழுகிறான். மறுபடியும் எழுந்து ஜியானைப் பிடித்துக்கொள்கிறான். விடவே இல்லை. ‘நான் தனியாகவே சமாளிப்பேன் என்று தெரிந்தால்தான் டோரேமான் கவலையில்லாமல் போகும்’ என்பது அவன் நினைப்பு.

கடைசியில் அலுத்துப்போய்த் தோல்வியை ஒப்புக்கொண்டவன் ஜியான்தான்!

காயத்தோடு கிடந்த நோபிதாவை டோரேமான் வீட்டுக்குக் கூட்டி வருகிறது. அவன் தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் டோரேமான் இல்லை.

அடுத்த மாதக் கதையில் டோரேமான் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஒரு இரவை மறக்க முடியாது. தள்ளினாலும் எழுந்து நிற்கும் பொம்மை, அன்று நோபிதாதான்.

தாத்தாவுக்குப் பதில்

அபிமன்யு சக்கரவியூகத்தில் தனியாகப் போராடும் கூத்தைப் பார்த்து ஊரே கண்ணீர் விடும். அவனுக்குக் கிரீடம் இருந்தது. நோபிதாவுக்கு மூக்குக் கண்ணாடிதான் இருக்கிறது. தனியாக நின்றதில் இருவரும் ஒன்றுதான். வீரனாகப் பிறந்தவன் கூத்தின் நாயகன். பயந்தவன் ஒருநாள் பயத்தை விடுவது படக்கதை.

ஆகவே டெலிவிஷனை உடனே அணைத்துவிடுவதில் பயன் இல்லை. பார்க்க நேரம் வையுங்கள். வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிஷம் பிள்ளையோடு உட்காருங்கள். “இன்றைக்கு நோபிதா என்ன தப்பு செய்தான்?” என்று கேளுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லுவான். சொல்லும்போதே எது சரி, எது தப்பு என்று அவனுக்கே விளங்கும்.

அடுத்த முறை ஊரில் கூத்து நடக்கும்போது அவனையும் அழைத்துப் போங்கள். பெரிய கிரீடத்தைக் காட்டி, “இவன் யார் சொல்லு?” என்று தாத்தா கேட்கட்டும். நோபிதாவைப் பற்றித் தாத்தாவுக்குப் பேரன் சொல்லட்டும்.

முட்டை மார்க்கு வாங்கிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வரும் நாளும் வரலாம். அன்றைக்கு அவன் தேடுவது டோரேமானை அல்ல, உங்களைத்தான்.