ரேங்க் கார்டு சீட் ஆகாது! எம்.ஏ. வரலாற்றுக்குக் காத்திருப்பவர்களே, உஷார்!

"ரிசல்ட் வந்துடுச்சு, ரேங்க்கும் பரவாயில்லை, இனி யூனிவர்சிட்டியில இருந்து லெட்டர் வரட்டும்" என்று சித்தூரிலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த லெட்டரும் வராது. தேர்வில் தோற்றுச் சீட் போனால் மனசை ஆற்றிக்கொள்ளலாம். நன்றாக எழுதிவிட்டு, ரிசல்ட்டுக்கும் வகுப்புக்கும் நடுவில் சும்மா இருந்து பறிகொடுப்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்றால், முன்னே படித்த அக்கா, அண்ணன்களிடமிருந்து. திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழகம் தன் முதுகலைச் சேர்க்கையைத் தானே நடத்திய காலத்தில் அவர்கள் சேர்ந்தவர்கள். 2021 முதல் கதை வேறு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்து ஏ.பி. பி.ஜி.செட் என்ற ஒரே பொதுத்தேர்வு. வரலாற்றுக்கென்று தனித்தாள்கூட இல்லை. பொருளாதாரம், அரசியல், சமூகவியல் பிள்ளைகளோடு ஒரே தாளில் நூறு கேள்வி. கையில் வரும் ரேங்க் கார்டு, கவுன்சலிங்குக்குள் நுழைய ஒரு சீட்டு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதிவுக்கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, வெப் ஆப்ஷன், அலாட்மென்ட், ரிப்போர்ட்டிங் என்று வரிசையாக வாசல்கள். ஒவ்வொன்றும் சில நாள்தான் திறந்திருக்கும். அலாட்மென்ட் வந்தும் குறித்த தேதிக்குள் ரிப்போர்ட் செய்யவில்லையா, சீட் தானாக ரத்து.

வெப் ஆப்ஷன் போடும்போது பாடத்தின் பெயரை நிதானமாகப் படியுங்கள். எஸ்.வி. பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறை ஒன்று. பண்டைய இந்திய வரலாறு, பண்பாடு, தொல்லியல் துறை இன்னொன்று. பட்டியலில் இரண்டும் தனித்தனி. கல்வெட்டுப் படிக்க ஆசைப்பட்டு வந்த பிள்ளை முதலாவதை மட்டும் டிக் அடித்துவிட்டு வந்தால், இரண்டாவது அவளுக்கு வரவே வராது. திருமலைக் கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். சித்தூர் ஜில்லாவில் தமிழும் தெலுங்கும் தெரிந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எப்பேர்ப்பட்ட முதல்! அதை ஒரு கிளிக்கில் கோட்டைவிடலாமா?

நெட் சென்டர்காரரிடம் போகிறீர்கள், சரி. அவர் அவசரத்தில் தன் மொபைல் நம்பரையே போட்டுப் பதிந்துவிடுவார். அப்புறம் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அலாட்மென்ட் மெசேஜும் அவருக்கே. கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஷட்டரைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்கள் நம்பர், உங்கள் மெயில், உங்கள் பாஸ்வேர்டு. இதில் கூச்சமே வேண்டாம்.

சீட் கிடைக்க மலைக்கு நேர்ந்துகொள்வதிலும் தப்பில்லை. ஆனால் கூட்ட நாளில் சர்வதரிசனக் கம்பார்ட்மென்ட்டில் ஒரு முழு நாள் போய்விடும், போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆப்ஷன் தேதி முடிந்த பிறகு போங்கள், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி, இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற பள்ளம். ஆந்திராவில் 85 சதவீத இடங்கள் லோக்கல் பிள்ளைகளுக்கு. சித்தூரும் திருப்பதியும் எஸ்.வி. பல்கலைக்கழக வட்டாரத்துக்குள் வருகின்றன. பிறந்த ஊர் இங்கே என்பதால் நாம் லோக்கல்தானே என்று நினைக்கிறோம். விதி பிறப்பைக் கேட்பதில்லை, படிப்பைக் கேட்கிறது. டிகிரி முடித்த வருஷத்தோடு முடிகிற தொடர்ச்சியான நான்கு வருஷம் எங்கே படித்தாய் என்பதுதான் கேள்வி. இன்டர் வரை சித்தூரில் படித்துவிட்டு, பக்கத்தில்தானே என்று பஸ் ஏறி வேலூர்க் கல்லூரியில் மூன்று வருஷம் பி.ஏ. முடித்தவர் இந்தக் கணக்கில் நான்-லோக்கல். சரி, தமிழ்நாட்டிலேயே எம்.ஏ. சேரலாம் என்றால், ஆந்திரத்துச் சாதிச் சான்றிதழுக்கு அங்கே இடஒதுக்கீடு கிடையாது. வெளிமாநிலத்தவர் பொதுப்பிரிவில்தான் நிற்க வேண்டும். அங்கே போனால் ஆந்திராக்காரன், இங்கே வந்தால் நான்-லோக்கல்! 1960-ல், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் சொன்னபடி திருத்தணி அந்தப் பக்கம் போனது, சித்தூர் இந்தப் பக்கம் நின்றது. பாடத்தில் நாலு வரியில் படித்த அந்த எல்லைக்கோடு, உங்கள் விண்ணப்பத்துக்கு நடுவிலும் ஓடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. மீதி 15 சதவீதப் பொது இடங்களில், தாயோ தகப்பனோ மாநிலத்தில் பத்து வருஷம் குடியிருந்தவர் என்றால் போட்டியிடலாம். அதற்கு எம்.ஆர்.ஓ. ஆபீஸ் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். ரேங்க் வந்த பிறகு கிராம, வார்டு சச்சிவாலயத்தில் மனுப் போட்டால், அது கைக்கு வருவதற்குள் சரிபார்ப்பு முடிந்துவிடும். இன்றைக்கே போடுங்கள். ஆறாவதிலிருந்து டிகிரி வரையான ஸ்டடி சர்டிபிகேட்டுகளையும் இப்போதே வாங்கி வையுங்கள். 2022 ஏப்ரல் 4-ல் ஜில்லா பிரிந்து சத்தியவேடு, காளஹஸ்தி எல்லாம் திருப்பதி ஜில்லாவுக்குப் போய்விட்டன. பழைய தாளில் சித்தூர், புதிய தாளில் திருப்பதி என்றிருந்தால் பதற வேண்டாம், வட்டாரம் ஒன்றுதான். படிவம் எந்த ஜில்லாவைக் கேட்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. எழுதியவர்களுக்கு இதைவிடப் பெரிய குழி. தேர்வை நடத்தும் என்.டி.ஏ. மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், சீட் கொடுக்காது. ஹைதராபாத், பாண்டிச்சேரி, ஜே.என்.யூ., டெல்லி ஒவ்வொன்றிலும் தனியாகப் பதிய வேண்டும், தனியாகப் பணம் கட்ட வேண்டும், தேதியும் வேறு வேறு. மாநில பி.சி. சான்றிதழை அங்கே காட்டினால் வேலைக்காகாது. மத்திய அரசுப் படிவத்தில், புதிதாக வாங்கிய ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் கேட்பார்கள்.

காத்திருக்கும் வீட்டுக்குப் போன் வரும். "சீட் பிளாக் பண்ணித் தர்றேன், பத்தாயிரம் அட்வான்ஸ் போடுங்க" என்பார்கள். வெப் அலாட்மென்ட்டில் பிளாக் பண்ண எதுவும் இல்லை, போனை வையுங்கள். "அலையாமல் வீட்டிலிருந்தே எம்.ஃபில்., பிஎச்.டி." என்றால் இன்னும் மோசம். தொலைநிலையில் பிஎச்.டி. கூடாது என்று யு.ஜி.சி. 2009-லேயே விதி போட்டது. எம்.ஃபில். படிப்பையே 2022 விதிகள் எடுத்துவிட்டன. அதற்கு அங்கீகாரமில்லை, சேராதீர்கள் என்று 2023 டிசம்பரில் யு.ஜி.சி. மறுபடியும் எச்சரித்தது. ஸ்பாட் அட்மிஷன் என்று ஆசை காட்டும் தனியார் கல்லூரியில் அரசின் ஃபீஸ் ரீ-இம்பர்ஸ்மென்ட் பற்றி வாய்வார்த்தையை நம்பாதீர்கள். ஸ்பாட்டில் சேர்பவர்களுக்குப் பொதுவாக அது கிடையாது. தனியார் கல்லூரி முதுகலை மாணவர்களுக்கு அதை நிறுத்தியது 2020 டிசம்பரின் ஜி.ஓ. 77. இந்த வருஷ உத்தரவைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

அமெரிக்காவில் வரலாற்றுப் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தவர்களும் சும்மா இருக்க முடியாது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2024 நவம்பரில், வரலாறு உட்படப் பல துறைகளில் அடுத்த கல்வியாண்டுக்கான பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்திவைத்தது. ஆகவே உள்ளூர்க் கவுன்சலிங்கை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உதவித்தொகையோடு இடம் வந்து, "நாளைக்குள் முடிவு சொல்" என்று அவசரப்படுத்தினால், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஏப்ரல் 15 ஒப்பந்தத்தில் அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். இட்டிருந்தால் அந்தத் தேதி வரை உங்களுக்கு நேரம் உண்டு.

கடைசியாக ஒரிஜினல்கள். பி.ஜி.செட் சீட் ஒரு தேதியில் வரும், க்யூட் சீட் இன்னொரு தேதியில் வரும். முதலில் சேர்ந்த இடத்தில் மார்க் ஷீட்டும் டிகிரி சான்றிதழும் பீரோவுக்குள் போய்விட்டால் இரண்டாவது சீட் போச்சு. ஒரிஜினல்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது 2018-ன் யு.ஜி.சி. அறிவிப்பு. பணத்துக்கும் விதி உண்டு: 2024-25-ல் செப்டம்பர் 30-க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணமும் திருப்பித் தரச் சொன்னார்கள். தர மறுத்தால் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள், நகராவிட்டால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் போடுங்கள். டி.சி. மட்டும் வேறு, சேர்கிற கல்லூரி அதை வாங்கித்தான் வைத்துக்கொள்ளும். அதை நீட்டுவதற்கு முன், நீங்கள் எதிர்பார்க்கும் இன்னொரு பட்டியல் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துவிட்டு, கொடுக்க எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்று கவுன்ட்டரிலேயே கேளுங்கள்.