நகல் இயந்திரத்தில் காகிதம் சிக்குவது ஏன்?

அலுவலகத்தில் நகல் இயந்திரம் திடீரென நின்று, 'காகிதம் சிக்கியுள்ளது' என்ற அறிவிப்பு அதன் சிறு திரையில் தோன்றும்போது, கடைசியாக அதைத் தொட்டவர் மீதே பெரும்பாலும் பழி விழுகிறது. ஆனால் பல நேரங்களில் காரணமாக இருப்பது அந்த அறையின் காற்றும், காகிதக் கட்டு வைக்கப்பட்டிருந்த விதமுமே.

தமிழ்நாட்டில் 'ஜெராக்ஸ்' என்றும் இலங்கையில் 'போட்டோ கொப்பி' என்றும் அழைக்கப்படும் இந்த முறையை, 1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் முதன்முதலில் செய்து பார்த்தார். மின்னூட்டம் பெற்ற பரப்பில் ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டம் நீங்கிவிடுகிறது. எஞ்சிய இடங்களில் ஒட்டிக்கொள்ளும் பொடி, தாளுக்கு மாற்றப்பட்டு வெப்பத்தால் உருக்கிப் பதிக்கப்படுகிறது.

சாதாரணத் தாளில் இதைத் தானாகவே செய்த ஜெராக்ஸ் 914 இயந்திரம் 1959இல் அறிமுகமானது. அதன் வெப்பப் பகுதி அருகே தாள் சிக்கினால் தீப்பற்றும் அபாயம் இருந்ததால், சிறிய தீயணைப்புக் கருவி ஒன்றும் உடன் வழங்கப்பட்டது. அதை அப்பெயரால் அழைக்க விரும்பாத நிறுவனம், 'கருகல் நீக்கி' என்று பெயரிட்டது!

நேரத்தின் கணக்கு

இயந்திரம் தாளைத் தொடர்ந்து கண்காணிப்பதில்லை. தாள் செல்லும் பாதையில் ஆங்காங்கே உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. தாளின் முன்விளிம்பு குறித்த நேரத்துக்குள் ஓர் உணரியை எட்டாவிட்டாலோ, பின்விளிம்பு உரிய நேரத்தில் அதைக் கடக்காவிட்டாலோ, இயந்திரம் இயக்கத்தை நிறுத்திவிடுகிறது. எனவேதான், நகம் அளவு கிழிந்த துண்டு ஒன்று உணரியை மறைத்திருந்தால்கூட, முழுத் தாளையும் எடுத்துவிட்ட பிறகும் அதே அறிவிப்பு தொடர்கிறது.

தாள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே முதல் தடயம். தட்டிலிருந்து வெளியேறும் இடத்திலேயே அடிக்கடி நின்றால், தாளை இழுக்கும் ரப்பர் உருளையைச் சந்தேகிக்க வேண்டும். காகிதத் தூசு படிந்து வழவழப்பான உருளை தாளைப் பற்ற முடியாமல் வழுக்குகிறது. இலேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்தும் பயனில்லை என்றால், அதை மாற்ற வேண்டியதுதான்.

ஈரமும் வறட்சியும்

காகிதம் என்பது தாவர நார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வறண்ட காற்றில் ஈரத்தை இழக்கும். சிங்கப்பூர், கொழும்பு, சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில், பிரித்து வைத்த காகிதக் கட்டு சில நாட்களிலேயே தளர்ந்து, ஓரங்கள் அலையலையாக நெளிகின்றன. குளிர்காலத்தில் வெப்பமூட்டப்படும் டொராண்டோ அலுவலகம் ஒன்றில் நிலைமை நேர்மாறானது. வறண்ட தாள்களில் நிலைமின்னூட்டம் சேர்வதால், இரண்டு மூன்று தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி உள்ளே செல்கின்றன.

இருபக்க நகலில் சிக்கல் அதிகம் என்பதற்கும் ஈரமே காரணம். முதல் பக்கம் வெப்ப உருளைகளைக் கடக்கும்போது தாள் ஈரத்தை இழந்து சுருள்கிறது. சுருண்ட அதே தாள்தான் மீண்டும் உள்ளே திருப்பப்படுகிறது.

ஆகவே, தேவைப்படும்போது மட்டும் கட்டைப் பிரிப்பதும், மீதித் தாள்களை அதன் உறையிலேயே மூடி வைப்பதும் பெரும்பாலான விலையுயர்ந்த பழுதுபார்ப்புகளைவிடப் பயனுள்ளவை. தாள்கள் சுருண்டிருந்தால் அடுக்கைத் தலைகீழாகப் புரட்டி வைத்துப் பார்க்கலாம். தட்டின் பக்கவாட்டுத் தடுப்புகள் தாளைத் தொட்டு நிற்க வேண்டும், நெரிக்கக் கூடாது.

எடுக்கும் முறை

சிக்கிய தாளை, அது பயணிக்கும் திசையிலேயே, இரு கைகளாலும் மெதுவாக இழுப்பதே முறை. எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழிவதோடு பற்சக்கரங்களும் பழுதடையக்கூடும். கிழிந்துவிட்டால், துண்டுகளை மேசையில் பொருத்திப் பார்த்து முழுத் தாளும் வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. கத்தி, கத்தரிக்கோல் போன்றவற்றை உள்ளே விடவே கூடாது. ஒளியுணர் உருளையில் விழும் ஒரு கீறல் அதன்பின் எடுக்கப்படும் எல்லா நகல்களிலும் தெரியும். வெப்பப் பகுதி கையைச் சுடும் என்பதால், மின்சாரத்தை நிறுத்தி ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

மென்பொருள் வரலாற்றில்

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்கு, நகல் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்ட லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அது வேறொரு தளத்தில் இருந்தது. தாள் அடிக்கடி சிக்கியது. பழைய அச்சுப்பொறியில், தாள் சிக்கியவுடன் பயனர்களுக்குச் செய்தி அனுப்பும்படி மென்பொருளை மாற்றியிருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், இரகசிய ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். 1983இல் தாம் குனூ திட்டத்தையும், அதன்வழி கட்டற்ற மென்பொருள் இயக்கத்தையும் தொடங்கியதன் பின்னணியில் இந்த அனுபவமும் இருந்ததாக ஸ்டால்மன் கூறியுள்ளார்.

நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களுடன் பழகி ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், 1996இல் வெளியான தமது நூலில், அவர்கள் கையேடுகளைவிடத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் அனுபவக் கதைகளையே அதிகம் நம்பியதைக் காட்டினார். ஆகவே, அடுத்த முறை பழுதுபார்ப்பவரை அழைக்கும்போது, தாள் எங்கே நின்றது, எந்தத் தட்டிலிருந்து வந்தது, ஒருபக்கமா இருபக்கமா, அன்று மழையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.