கிரீன் டீ விற்கும் முன் போடக் கற்போம்

என்னிடம் சரக்கு எடுக்கும் சென்னிமலை மளிகைக்கடைக்காரர் ஒருவர், "கசக்குதுன்னு திருப்பிக் குடுக்கறாங்க" என்று கிரீன் டீ பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தார். விசாரித்தால், வாங்கியவர்கள் டஸ்ட் டீ போலக் கொதிக்கவிட்டுப் பாலும் ஊற்றியிருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்காதது என் தவறு.

சாதாரணத் தேயிலையை நசுக்கிக் காற்றுப்பட விட்டுக் கறுக்கச் செய்கிறார்கள். கிரீன் டீக்கு இலையை முன்னதாகவே சூடாக்கி, கறுக்காமல் தடுத்துவிடுகிறார்கள். சீனாவில் ஹாங்சௌ பகுதியின் புகழ்பெற்ற லோங்ஜிங் தேயிலையை இரும்புச் சட்டியில் கையால் அழுத்தி வறுப்பார்கள். அதனால் இலை தட்டையாக இருக்கும். நம் நீலகிரியிலும் கிரீன் டீ தயாராகிறது.

கொதித்த தண்ணீரை இறக்கிச் சற்று ஆறவிடுங்கள். 80 டிகிரி சூடு போதும். ஒரு டம்ளருக்கு 2 கிராம் தூள் போட்டு, 2 நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். பால் வேண்டாம். நல்ல சரக்கானால் இளமஞ்சள் நிறமும், லேசான துவர்ப்பும், பின்நாக்கில் இனிப்பும் தெரியும். பழைய சரக்கில் பசுமை வாசனை இருக்காது, சாறு பழுப்பேறும். கொள்முதலுக்கு முன் சாம்பிள் போட்டுக் குடித்துப் பாருங்கள்.

பெருங்காயம், கற்பூரம், சோப்பு அருகில் வைக்காதீர்கள். தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும்.

இப்போது நான் போடும் முறையைச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டோடு கொடுக்கிறேன். அதன்பின் கசப்பென்று எதுவும் திரும்பவில்லை.